மோட்டார் சுவிட்ச்

ஊரின் பெயரிலேயே ஓர் எண் இருக்கிறது:
பதினஞ்சு வேலம்பாளையம்.
எங்கள் வீட்டுக்குத்தான் எண் இல்லை.
துளசிமணியக்கா வீட்டு மாடி என்றால்
கேஸ் சிலிண்டர் வந்துவிடும்.

வாடகை ஏழாயிரத்து ஐந்நூறு, கரண்ட் தனி.
கறி எடுக்கலாம், கருவாடு வறுக்கக் கூடாது.
ஒரம்பரை வந்தால் ரெண்டு நாள்.
மோட்டார் சுவிட்ச் மட்டும் கீழ்வீட்டில்,
பிரிட்ஜுக்கும் சாமிப் படத்துக்கும் நடுவில்.

தலைக்குச் சீயக்காய் தேய்த்து
கண்ணெரிய நிற்கும்போதுதான்
குழாய் ஒருமுறை இருமிவிட்டு நிற்கும்.
பூபதிக்கு நிட்டிங்கில் நைட் ஷிப்ட்.
நானேதான், துண்டைச் சுற்றிக்கொண்டு
ஜன்னல் கம்பியில் வாயை வைத்து,
அக்கோவ்… மோட்டாருங்கோ…
கீழே சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்.
விளம்பரம் வரும்வரை
நுரை காத்திருக்கும்.

மூன்று வருஷம்.
பெற்ற அம்மாவைக்கூட நான்
இத்தனை தடவை கூப்பிட்டதில்லை.

பகலெல்லாம் எனக்குச் செக்கிங்.
துணியில் ஓட்டை இருந்தால், நூல் ஓடியிருந்தால்,
சின்னச் சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும்.
வீடு திரும்பியும் கை சும்மா இருக்காது:
ஓதம் ஏறிய மூலைக்கு ஓர் அம்பு,
சாத்தினால் சாத்தாத கதவுக்கு ஒன்று,
உப்புத்தண்ணி வெளுத்த வாளிக்கு ஒன்று.
மனசுக்குள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூர்ப் பக்கம்
சைட் பார்க்கப் போவோம்.
சோளத்தட்டு அறுத்த காட்டில் வெள்ளைக் கற்கள்,
கலர் கலராய்க் கொடிகள்.
புரோக்கர் மோர் கொடுப்பார்.
செருப்பு நுனியால் கோடு கிழிப்பான் பூபதி:
இது கிச்சன், இது பெட்ரூம்.
நான் ஒரே இடத்தில் போய் நின்றுகொள்வேன்.
இங்கே சுவிட்ச்.

ஐப்பசியில் தாராபுரத்தில் கெடாவெட்டு.
அக்கா சாவியை என் கையில் வைத்தார்.
"ரொம்புனா நிறுத்திப்போடு கண்ணு."

பச்சைப் பொத்தான்
அவர் கட்டைவிரல் அளவுக்குக் குழிந்திருந்தது.
அழுத்தினேன். பூமிக்கடியில் ஏதோ உறுமியது.
பக்கத்தில் பேங்க் காலண்டர்.
மாசாமாசம் ஏழாம் தேதிக்கு வட்டம்.
ஐந்தாம் தேதியின் கீழே, பென்சிலில்: மாடி 7500.
அட்டையின் பின்பக்கம் புரட்டினால்
மாடி அட்வான்ஸ் 60000, படிக் கம்பிக்கு.
கடைசியில் 2034 என்று மட்டும், இரண்டு கோடு போட்டு.

அந்த எவர்சில்வர் கம்பியைத்தான்
தினமும் பிடித்து ஏறிக்கொண்டிருந்தேன்,
வாளியும் கையுமாக,
அவருடையது என்று நினைத்துக்கொண்டு.

எவ்வளவு நேரம் நின்றேனோ.
டேங்க் வழிந்து தெருவில் கொட்டியது.
எதிர்வீட்டுக்காரர் கத்தினார்,
"ஏனுங் வீட்டுக்காரம்மா, மோட்டார நிறுத்துங்!"
யாரைச் சொல்கிறார் என்று
திரும்பிப் பார்த்தேன்.

தையில் சைட்டுக்கு டோக்கன் போட்டோம்.
பூபதி போனில் கணக்குப் போட்டுக் காட்டினான்:
இருபது வருஷம். எங்களுக்கும் ஒரு வட்டம்,
தேதி மட்டும் பத்து.
அட்வான்ஸைக் கேட்கக் கீழே இறங்கினேன்.
அக்கா முந்தானையில் கையைத் துடைத்தார்,
ஏற்கனவே உலர்ந்திருந்த கையை.
"அடுத்த குடி வரட்டும் கண்ணு, வாங்கிக் குடுத்தர்றேன்."
நான் காலண்டரைப் பார்க்கவில்லை.
பார்க்காததை அவர் பார்த்தார்.

இன்று காலை வந்தார்கள்.
கல்யாணமாகி நாலு மாசம் இருக்கும்,
பையன் டையிங்கில், பெண் இன்னும் வேலை தேடுகிறாள்.
அக்காவுக்கு மூட்டுவலி. நானேதான் சுற்றிக் காட்டினேன்.
காத்து நல்லா வருமுங்க. மத்தியானம் கொஞ்சம் சூடு.
ஓதம் ஏறிய மூலையில் பீரோ நிற்கிறது.
நகர்த்தவில்லை.

அந்தப் பெண் குழாயைத் திறந்தாள், மூடினாள்.
"தண்ணி எப்படிங்க்கா?"

நல்லதண்ணி வாரம் ஒருக்கா.
உப்புத்தண்ணிக்குக் குறையில்லை,
கூப்பிட்டா வரும் என்றேன்.

யாரைக் கூப்பிட்டால் என்று
அவள் கேட்கவில்லை.